மட்டாஞ்சேரியும் மொட்டைக் கடுதாசியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுப் பள்ளி என்று ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் கதை தொடங்குவது நம் மயிலாப்பூரில். 1652-ல் அஹத்தல்லா என்ற மேற்காசிய ஆயர் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். போர்ச்சுகீசியர்கள் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தோமையார் கல்லறைக்கு யாத்திரை வந்திருந்த மலையாளக் கரைக் கிறிஸ்தவர்கள் மூலம் அவருடைய கடிதம் ஒன்று கேரளம் போய்ச் சேர்ந்தது. பிறகு அவரைக் கப்பலேற்றிக் கோவாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் கொச்சியைத் தொட்டபோது, சமூகத்தின் தலைவரான ஆர்ச்டீக்கன் தோமா ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து ஆயரைக் காட்டச் சொன்னார். காட்டவில்லை. கப்பல் போய்விட்டது. ஆயரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது.

1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் பெருங்கூட்டம் கூடியது. ஒரு கற்சிலுவையைத் தொட்டு, இனி ஏசு சபைப் பாதிரிகளுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று சத்தியம் செய்தது. எல்லோருக்கும் சிலுவை எட்டாததால் அதில் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துச் சத்தியம் செய்தார்கள். இழுத்த இழுப்பில் சிலுவை கூனிப்போனது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அஹத்தல்லாவை யாரும் கொச்சிக் கடலில் மூழ்கடிக்கவில்லை. அவர் கோவாவுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே இறந்தார் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் முடிவு.

ஆக, செய்தி பொய். ஆனால் குறை பொய்யல்ல. 1599-ல் உதயம்பேரூரில் கூட்டிய திருச்சபைச் சங்கத்துக்குப் பிறகு அந்த மக்களின் வழிபாட்டு முறையைப் போர்ச்சுகீசியர்கள் மாற்றினார்கள். பழைய ஏடுகளைக் கொளுத்தினார்கள். அரை நூற்றாண்டாகப் புகைந்துகொண்டிருந்ததற்கு ஒரு பொறிதான் வேண்டியிருந்தது. சமூக ஊடகத்தில் அரசியல் எப்படிப் பரவுகிறது என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகத்துக்கு வரும். இதை வைத்துக்கொண்டு, வதந்தி அன்றும் உண்டு இன்றும் உண்டு, இதில் புதிதாக என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் 1653-ல் ஒன்று இருந்தது, இன்றைய ஃபார்வர்டில் அது இல்லை. அன்று நம்பியவன் நேரில் வந்து கயிற்றைப் பிடித்தான். யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்தது.

மட்டாஞ்சேரியின் பிற்கால அரசியலும் முகம் காட்டிய அரசியல்தான். கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்துக்குள் வீசியெறிவான். கீழே விழுந்ததைப் பொறுக்கியவனுக்கு வேலை. பொறுக்கத் தொழிலாளிகள் ஒருவரோடொருவர் அடித்துக்கொள்வார்கள். இதை ஒழிக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, செய்தலவி, ஆண்டணி என்ற மூன்று பெயர்களை மட்டாஞ்சேரி இன்னும் சொல்கிறது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அதைத் தழுவி ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் 2023-ல் வந்தது. ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சண்டையை வீசியெறிய, கீழே நாமெல்லாம் புரண்டு அடித்துக்கொள்ளும்போது எனக்குச் சாப்பா நினைவு வருவதுண்டு. ஒரு வித்தியாசம், அங்கே வீசியவனின் முகம் தெரிந்தது.

கேரளத்தில் சுவர்களும் பெயர் சொல்லும். தேர்தல் வருவதற்கு வெகுமுன்பே வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சியின் சுருக்கெழுத்தும் ஆண்டும் போட்டு, 'புக்டு' என்று எழுதிவிடுவார்கள். மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஏலக்காயும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குச் சுவர்களில் நான் பார்த்ததில் பாதி சி.பி.எம். புக்டு, மீதி காங்கிரஸ், லீக், எஸ்.டி.பி.ஐ. இதை ஒருவிதமான பட்டா என்றே சொல்லலாம். இந்தச் சுவர் என்னுடையது, இதில் எழுதியிருப்பதற்கு நான்தான் பொறுப்பு. துண்டறிக்கைக்குச் சட்டமே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடித்தால் 6 மாதம் வரை சிறை. தெருமுனை அச்சகக்காரரும் கடைசி வரியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரைப் போடுவது இதனால்தான்.

பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பெயர் போட்ட சுவரும் உயிரைக் குடித்திருக்கிறது. 2018 ஜூலை 2 நள்ளிரவு, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி. புது மாணவர்களை வரவேற்கச் சுவரெழுதுவதில் எஸ்.எஃப்.ஐ., கேம்பஸ் ஃப்ரண்ட் என்ற இரு மாணவர் அமைப்புகளுக்கும் தகராறு. எதிர்த்தரப்பு எழுதிய சுவரில் 'மதவெறி ஒழியட்டும்' என்ற பொருளில் எஸ்.எஃப்.ஐ. பையன்கள் ஒரு வரி சேர்த்தார்கள். கத்திக்குத்தில் எஸ்.எஃப்.ஐ.யின் அபிமன்யு இறந்தான். வேதியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவன்; இடுக்கி வட்டவடையின் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அது சாயத்தாலும் தூரிகையாலும் வந்த சண்டை. கட்சிவெறியைக் கைபேசிதான் கொண்டுவந்தது என்று நம்புகிறவர்கள் அந்தச் சுவரை ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும்.

கைபேசி முதலில் வேறு முகத்தோடுதான் வந்தது. 2014 அக்டோபரில் கோழிக்கோட்டில் ஒரு காபிக்கடையை ஒழுக்கக் காவலர்கள் அடித்து நொறுக்க, ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் எழுந்த அழைப்பை ஏற்று நவம்பர் 2 அன்று கொச்சி மரைன் டிரைவில் 'முத்தப் போராட்டம்' நடந்தது. போராட வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே பெரிது. 2016 மே மாதம், கேரளப் பழங்குடிக் குழந்தைகளின் இறப்பு விகிதத்தைப் பிரதமர் சோமாலியாவோடு ஒப்பிட, #போமோனேமோடி என்று மலையாளிகள் ட்விட்டரை நிரப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து நாம் #கோபேக்மோடி போட்டோம். அதற்கு முன்பே, 2017 ஜனவரியில், மெரினாவில் ஜல்லிக்கட்டுக் கூட்டத்தைக் கட்சி எதுவும் கூட்டாமல் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் கூட்டியதைப் பார்த்தோம். அந்த நாட்களில் தலைவரில்லாத போராட்டம் என்பது ஒரு பெருமை. நானும் பெருமைப்பட்டவன்தான்.

அந்தப் பெருமையின் மறுபக்கத்தைக் கேரளம் 2018 ஏப்ரல் 16 அன்று பார்த்தது. கத்துவாவில் எட்டு வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமையைக் கேட்டு நாடே கொதித்திருந்த நேரம். திங்கட்கிழமை ஹர்த்தால் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. எந்த அமைப்பின் பெயரும் இல்லை. ஆனால் மலபாரில் கடைகள் அடைபட்டன, பேருந்துகள் மீது கல் விழுந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஹர்த்தால் என்றால் பெட்டிக்கடைக்காரர்கூட 'யாருடைய ஹர்த்தால்?' என்று கேட்டுவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிற மாநிலம் அது. அன்று அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சில நாட்களில் தென்கேரளத்தில் ஐந்து இளைஞர்களைப் போலீஸ் பிடித்தது. கோபப்பட்டுக் கல்லெறிந்தவர்களுக்கு நேரெதிரான அரசியல் முகாமோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்ததாகச் சொன்னது. மறுவருடம் ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், ஹர்த்தாலுக்கு 7 நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்றது. அதாவது, அழைப்பவர் தன் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே வாட்ஸ்அப் ஊரைக் காப்பாற்றியது. மாடியில் நிற்கிறோம், இன்ன இடம், இத்தனை பேர் என்ற செய்திகள் படகுகளைக் கொண்டு சேர்த்தன. கூடவே முல்லைப் பெரியாறு உடைந்துவிட்டது என்ற குரல் பதிவும் சுற்றியது. முன்னதில் அனுப்பியவரின் பெயரும் எண்ணும் இருந்தன, இல்லாவிட்டால் படகு வராது. பின்னதில் 'நாசாவிலிருந்து பேசுகிற நண்பர்' மட்டும்தான். அவர் யார் என்று எவருக்கும் தெரியாது.

தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது, மொட்டைக் கடுதாசி. அனுப்பியவன் பெயர் இல்லாத கடிதத்தை அந்தக் காலத்து ஊர்ப் பெரியவர்கள் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். அல்லது, ஆசை விடாமல், மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப் செய்த காரியம், மொட்டைக் கடுதாசியைச் சித்தப்பா கையில் கொடுத்தனுப்பியது. எழுதியவன் யாரென்று தெரியாது, கொண்டு வந்தவரோ நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். நாம் நம்புவது அவரை. அந்த நம்பிக்கையைக் கடிதம் தனதாக்கிக்கொள்கிறது. கொங்கணி, குஜராத்தி, தக்னி, தெலுங்கு, தமிழ் என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும் மட்டாஞ்சேரியில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு குரூப். காலையில் மரண அறிவிப்பு, மதியம் கோவில் கணக்கு, ராத்திரி அரசியல். கொச்சித் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தலை முடிவுசெய்தது ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள்தான். அப்படிப்பட்ட இடத்தில் எந்தக் குரூப்பையும் எந்தக் கட்சியும் சும்மா விடாது.

கேரளத்தில் கட்சிகள் இந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்பதற்கு அங்கே புழங்கும் ஒரு சொல்லே போதும், 'கேப்ஸ்யூல்'. காலையில் ஒரு சர்ச்சை வெடிக்கும். மதியத்துக்குள் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தயாராக வார்த்த பத்தி ஒன்று குரூப்புகளில் இறங்கும். விழுங்கினால் போதும், மெல்ல வேண்டியதில்லை. முதலில் இது சி.பி.எம். ஆதரவாளர்களைக் கிண்டல் செய்ய வந்த சொல்; இப்போது எல்லாக் கட்சிகளிடமும் மருந்துக்கடை இருக்கிறது. வசைக்கும் பட்டியல் உண்டு. அந்தம்கம்மி, கொங்கி, சங்கி, சுடாப்பி, கிரிசங்கி என்று ஆளுக்கொரு பெயர் வைத்துத்தான் விவாதமே தொடங்கும். நாமும் குறைந்தவர்களா? சங்கி நமக்கும் பொது. '200 ரூபாய் உபி' நம் சொந்தத் தயாரிப்பு.

2024 மக்களவைத் தேர்தலில் வடகரை இதன் உச்சத்தைக் காட்டியது. சி.பி.எம். சார்பில் கே.கே. சைலஜா, காங்கிரஸ் சார்பில் ஷாஃபி பரம்பில். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், ஏப்ரல் 25, ஒரு ஸ்கிரீன்ஷாட் பரவியது. சைலஜாவைக் 'காஃபிர்' என்று சொல்லி, மதத்தின் பேரில் ஷாஃபிக்கு வாக்குக் கேட்பதாக, முஸ்லிம் லீக் இளைஞர் குரூப் ஒன்றில் வந்த செய்தி போல. லீக்கின் மாணவர் அணிக்காரர் ஒருவர் மீது பழி விழுந்தது. அவர் இல்லவே இல்லை என்று நீதிமன்றம் போனார். ஆகஸ்டில் போலீஸ் உயர் நீதிமன்றத்தில் சொன்னதன் சாரம் இது: அவருடைய போனில் ஆதாரம் இல்லை, படம் பரவிய தடம் போனது இடதுசாரி ஆதரவு வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் ஃபேஸ்புக் பக்கத்துக்கும். ஷாஃபி ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் ஜெயித்தார் என்பதால் படம் முடிவை மாற்றவில்லை என்று சொல்லலாம். ஆனால் நான்கு மாதம் அந்த வட்டாரத்து இரு சமூகங்கள் ஒருவரையொருவர் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்பதற்கு வாக்கு எண்ணிக்கையில் கணக்கு கிடையாது. அந்தத் தேர்தலில் தோற்ற பிறகு, சி.பி.எம்.மின் கண்ணூர்த் தலைவர் எம்.வி. ஜெயராஜன், 'போராளி ஷாஜி' போன்ற இடதுசாரிச் சாயல் பக்கங்களை நம்பியதால் நமக்கே கேடு என்று வெளிப்படையாகச் சொன்னார். வேண்டும்போது நம் தோழர்கள், வேண்டாதபோது யாரோ. மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற வசதி அதுதான், எழுதச் சொன்னவனுக்கும் அதே வசதி.

இந்தத் துறையில் ஆராய்ச்சி இப்போது மலைபோல் குவிந்துவிட்டது. என் வாசிப்பில் அவை ஒரே திசையைக் காட்டவில்லை. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி 2018-ல் வெளியிட்டார்கள். பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். பரப்பியது பெரும்பாலும் இயந்திரங்கள் அல்ல, மனிதர்கள். இந்தியாவில் அரசியல் வாட்ஸ்அப் குரூப்புகளின் படங்களை ஆராய்ந்த கிரண் கரிமெல்லாவும் டீன் எக்கிள்ஸும் சுமார் 13 சதவீதம் தவறான தகவல் என்றார்கள். இதைக் கேட்டுப் பதறுகிறவர்கள் உத்தரப் பிரதேசத்து பாஜக குரூப்புகளை அதே கரிமெல்லாவும் சைமன் ஷோஷாரும் பார்த்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே வெறுப்புச் செய்திகளின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எந்தக் குரூப்பிலும் பாதி குட்மார்னிங்தான். ஆனால் விஷத்தைத் தனியாகக் கொடுத்தால் யார் குடிப்பார்? நூறு குட்மார்னிங்குகள்தான் அந்தக் குரூப்பை வீட்டுக்கூடம் ஆக்குகின்றன. நூற்றோராவது செய்தி அந்தக் கூடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிடும்.

நாமெல்லாம் அவரவர் குமிழிக்குள் அடைபட்டிருப்பதால்தான் வெறி ஏறுகிறது, எதிர்க்கருத்தையும் காட்டினால் தணிந்துவிடும் என்றொரு வாதம் உண்டு. 2018-ல் கிறிஸ் பெயில் குழுவினர் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். எதிர்முகாமின் பதிவுகளை ஒரு மாதம் படித்த குடியரசுக் கட்சியினர் முன்பைவிட இறுகிப்போனார்கள். அங்கேயே பிளவு மிக வேகமாகக் கூடியது இணையத்தை மிகக் குறைவாகத் தொடும் முதியவர்களிடம் என்றது 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு. சரி, மக்களுக்குப் பொய்யை இனம்காணக் கற்றுக்கொடுக்கலாமே? கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-ல் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் செய்தது, நல்ல முயற்சி. ஆனால் 2019 தேர்தலின்போது பிகாரில் வீடுவீடாகப் போய் ஒரு மணிநேரம் பாடம் நடத்திப் பார்த்த சுமித்ரா பத்ரிநாதனுக்குப் பொதுவாகப் பலன் கிடைக்கவில்லை. ஆளும் கட்சி ஆதரவாளர்களிடம் விளைவு தலைகீழாகவே போனது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு கட்சியில் ஊறிய அறுபது வயதுக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பது, தன் கட்சிக்காரன் பொய் சொன்னான் என்று ஒப்புக்கொள்ள வைப்பதாகும். அதற்கு ஒரு மணிநேரம் போதாது.

சட்டம் செய்தது இன்னும் மோசம். அது மொட்டைக் கடுதாசி எழுதியவனை விட்டுவிட்டுப் பெயர் போட்டவனைப் பிடித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், சொந்தப் பெயரில் ஒரு வரி எழுதியவர்களும் அதற்கு லைக் போட்டவர்களும்கூடக் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் கூடவே போனது. பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2020 நவம்பரில் பினராயி அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கண்டனம் கிளம்ப, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எது பொய் என்று தானே தீர்மானிக்க ஒன்றிய அரசு அமைக்கவிருந்த சரிபார்ப்புப் பிரிவை 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018-ல் தொடங்கிய வழக்கில், ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியிலும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைப் பதிக்கலாம் என்று ஐஐடி பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்பது 2021 விதிகளில் சட்டமாகவே வந்தது. செய்தியின் ரகசியத்தை உடைக்க வேண்டுமென்றால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று வாட்ஸ்அப் 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

இந்த வழக்கில் நான் வாட்ஸ்அப் பக்கம். நிறுவனத்தின் மீது பிரியம் இருப்பதால் அல்ல. பஞ்சாயத்துத் தலைவரின் ஊழலைப் பெயர் சொல்லாமல் எழுதுகிற கிளார்க்குக்கும், சாதிக்கட்டை உடைத்துப் பேசுகிற பெண்ணுக்கும் மறைவு வேண்டும். மொட்டைக் கடுதாசி சில சமயம் ஏழையின் ஒரே தபால். பெயரைக் கேட்க வேண்டியது குடிமக்களிடம் அல்ல, காசு கொடுத்து எழுத வைக்கிறவர்களிடம். 2019 முதல் 2020 வரையிலான 22 மாதங்களில் ஃபேஸ்புக்கில் வந்த 5 லட்சத்துக்கும் அதிகமான அரசியல் விளம்பரங்களை ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் ஆராய்ந்தபோது, கட்சிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் பினாமிப் பக்கங்கள் பாஜகவுக்காகக் கொடுத்த விளம்பரங்களுக்குக் கிடைத்த பார்வைகள், கட்சி தன் பெயரில் கொடுத்தவற்றுக்குக் கிடைத்ததற்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தன. தேர்தல் ஆணையம் 2013 முதலே வேட்பாளர்களின் கணக்குகளைக் கேட்கிறது. பொய் என்று தெரிந்தால் 3 மணிநேரத்தில் எடுக்க வேண்டும் என்று 2024 மேயில் கட்சிகளுக்குச் சொன்னது. பினாமிப் பக்கத்தை யார் எடுப்பது? நோட்டீஸ் அடிக்கிற அச்சகக்காரரிடம் 127ஏ கேட்கிற ஒரு வரியை இவர்களிடம் கேட்க நம்மிடம் இன்னும் வழி இல்லை.

போன வாரம் ஃபோர்ட் கொச்சி வேலியில் தோபிகானாவுக்குப் போயிருந்தேன். தலைமுறைகளாகத் தமிழ் வண்ணார் குடும்பங்கள் வெளுக்கும் இடம். கஞ்சி போட்ட வேட்டிகள் கொடியில் விறைத்து நின்றன. கரிப்பெட்டி தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"சார், இது நெசமான்னு பாருங்க."

தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவர் படம், மலையாளிகளைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு வாசகம், பிரபல சேனலின் நியூஸ் கார்டு மாதிரியே வண்ணம், ஓரத்தில் எழுத்துப்பிழை. மேலே இரட்டை அம்புக்குறி.

"யாருண்ணே அனுப்பினா?"

"எங்க அக்கா மவன். திருநெல்வேலில இருக்கான். நல்ல பையன்."

அங்கேயே அவனுக்குப் போன் போட்டார். அவனுக்கு ஃபேக்டரி நண்பன் அனுப்பியிருந்தானாம். பத்து நிமிடம் கழித்து அந்த நண்பனின் பதிலை அவன் குரல் பதிவாக அனுப்பினான். பெரியவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"குரூப்ல வந்துச்சு மாமா. அந்த குரூப்ல யாரு இருக்கான்னு அவனுக்கே தெரியலையாம்."

பெரியவர் பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதிவிட்டு, அடுத்த வேட்டியை எடுத்துப் பலகையில் விரித்தார்.